புறாத் துப்பாக்கி

“ஒரு கண்ண மூடிக்கினு பாருங்க சார், குறி நல்லா தெரியும்” என்று கடைக்காரர் துப்பாக்கியை லோகுவிடம் நீட்டினார்.

லோகுவுக்கு மூட வேண்டிய வேலை இல்லை. அவனுடைய இடது கண் செயற்கைக் கண்.

கடைக்காரர் தாமதமாகத்தான் அதைக் கவனித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். லோகு சிரித்துவிட்டான். எனக்குத்தான் காது மடல் சூடானது.

திருவள்ளூரில் கேரம் போர்டும் கிரிக்கெட் மட்டையும் விற்கிற கடை அது. மேசை மேல் இரண்டு ஏர் கன்கள் கிடந்தன. ஒன்று நாலாயிரம், இன்னொன்று இருபத்தாறாயிரம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு நாங்கள் கும்மிடிப்பூண்டி திரும்ப வேண்டும்.

புறா சுடத்தான்.

சிப்காட்டில் எங்கள் கம்பெனி இரும்புத் தகடுகளுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறது. கூரைக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் புறா, காயாத பெயிண்டின் மேல் எச்சம் போட்டால் அந்தத் தகடு ரிஜெக்ட். அதனால் சாப்பாட்டுச் சங்கு ஊதி ஆட்கள் கேன்டீனுக்குப் போனதும் ஷெட்டுக்குள் புறா சுடுவது ஸ்டோர் இன்சார்ஜின் வேலை.

அந்த ஸ்டோர் இன்சார்ஜ் நான்தான்.

சுடுவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பேனரால் இரும்புத் தூணை மூன்று முறை ஓங்கித் தட்ட வேண்டும். உள்ளே யாராவது மிச்சம் இருந்தால் வெளியே போய்விடுவார்கள். சிக்கல் என்னவென்றால், புறாவும் போய்விடும். அது மறுபடி வந்து உட்காரும்வரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோக நிற்க வேண்டும்.

போன வருடம் ஜூலையில் ஒருநாள் எனக்கு நல்ல பசி. தட்டவில்லை.

குண்டு புறா மேல் படவில்லை. கூரைக் கம்பியில் பட்டுத் திரும்பியது.

மிச்சமிருந்த நாலு பீஸை முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று லோகு மூலையில் கிரைண்டர் பக்கம் நின்றிருக்கிறான். அப்போதுதான் மிஷினை நிறுத்தி, வேர்வை துடைக்க சேஃப்டி கண்ணாடியைக் கழற்றியிருக்கிறான். திரும்பிய குண்டு அவன் இடது கண்ணில் பட்டது.

கிரைண்டர் கல் தெறித்துவிட்டது என்று அவனேதான் சொன்னான். நான் ஆமாம் என்றேன். ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன். ‘சேஃப்டி கண்ணாடி அணியவில்லை’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்ததும் என் கைதான்.

அன்று சாயங்காலம் தரையில் தவழ்ந்து தேடி அந்தக் குண்டை எடுத்து ஸ்கிராப் தொட்டியில் போட்டேன். ஸ்பிரிங் போய்விட்டது என்று சொல்லி துப்பாக்கியையும் போட்டேன். தூணைத் தட்டாதது எனக்கும் அந்தப் புறாவுக்கும்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் நின்றபோது, “கண்ணாடிய கயட்னது என் தப்புதாண்ணா” என்று லோகு என்னிடமே வருத்தப்பட்டான். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் எங்கே போனாலும் அவனுக்கு இடப்பக்கமாகவே நின்று பழகிவிட்டேன். அந்தப் பக்கம் நின்றால் அவன் பார்க்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்தில் சர்ச்சுக்குப் போகிறேன். பாவத்தை அறிக்கையிடுங்கள் என்று பாஸ்டர் சொல்லும்போது கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு சமாதானம் இருந்தது. அது மட்டமான துப்பாக்கி. இடப்பக்கம் இழுக்கும். நான் சரியாகத்தான் குறி வைத்தேன். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருடமாகத் தூங்குகிறேன்.

இப்போது புறா மறுபடி பெருகிவிட்டது. லோகுவை இனி மிஷினில் நிறுத்த முடியாது, லைட் வேலையாகப் புறாவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். துப்பாக்கி வாங்கக் கம்பெனி கொடுத்தது ஐந்தாயிரம். மீதியை நானே போட்டு நல்லதாக வாங்கிக் கொடுத்துவிடுவது என்று வந்திருந்தேன். லோகுவிடம் அதைச் சொல்லவில்லை.

கடைக்காரர் விலை கூடியதைத் தடவிக் காட்டினார். “இது நீங்க பாக்கற எடத்துக்கே போவும் சார். அது கொஞ்சம் அப்டி இப்டிதான்.”

“கேட்டியா?” என்றேன் லோகுவிடம். என் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. “கம்மி வெலைல அதான் பேஜாரு. குறி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். தப்பு அத்தோடதுதான். பெரிசையே எடுத்துக்கலாம்.”

சொல்லி முடித்ததும் நெஞ்சில் பாதி பாரம் இறங்கிவிட்டது. அப்படி இறங்கியதே வெட்கமாகவும் இருந்தது.

லோகு விலை கூடிய துப்பாக்கியைப் பூப்போல மேசையில் வைத்தான். நாலாயிரத்தை எடுத்து ஒருமுறை தோளில் சார்த்திப் பார்த்தான். பிறகு என்னைப் பார்ப்பதற்காகக் கழுத்தை முழுசாக இடப்பக்கம் திருப்பினான்.

“இதே போதும்ணா. நான் தூண தட்டிட்டுதானே சுடப்போறேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

பர்ஸை எடுக்கப் போன என் கை பாக்கெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

“எந்தத் தூணு சார்?” என்று கடைக்காரர் என்னைக் கேட்டார்.