பளபளக்கும் காற்றுக்குழாய்

மேட்டுச் சாலையின் ஓரத்தில் காரின் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அவன் நிற்கிறான். எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் பழைய பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டுக் காலையில் அவனே மாட்டிய புதுக்குழாய் வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. உறுமலுக்குக் குறைவில்லை, ஆனால் செங்கல் லாரிகூட அவனையும் காரில் இருக்கும் மனைவியையும் முந்திக்கொண்டு மேடேறிவிட்டது. மேட்டின் உச்சியில் இருக்கும் வீட்டில் மச்சான் கேலி செய்யக் காத்திருக்கிறான். குழாயைத் தொட்டவன் சூடு தாங்காமல் கையை உதறுகிறான். "வாசல்ல பானட்டைத் திறந்து வச்சு ரேஸ் கொடுத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு! மூடி ஓட்டினா எஞ்சின் சூட்டையே இழுக்குதோ?" கார் ஜன்னல் வழியே மனைவி தலையை நீட்டுகிறாள். "அப்ப திறந்து வச்சே ஓட்டுங்க. எதிர்ல என்ன வருதுன்னு நான் எட்டிப் பாத்துச் சொல்றேன்." அவன் பானட்டையும் சாலையையும் மாறி மாறிப் பார்க்கிறான். அவள் சொன்னதில் என்ன தப்பென்று அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.