வளைவில் நாலு கல்

“யார் கல்லும்மா இது?” டெம்போவிலிருந்து இறங்காமலே கேட்டார் வஹாப்.

ஏரிக்கரைச் சாலை நெடுக நெல் காய்ந்துகொண்டிருந்தது. வளைவில் மட்டும் பத்துப் பாய் விரிக்கிற அளவுக்குத் தார் வெறுமனே கிடந்தது. மூலைக்கு ஒன்றாக நாலு கல்.

“ஐசக்கோடது பாய்,” என்றாள் சுலோச்சனா. பக்கத்தில் தன் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

“அவனுக்கு ஏதும்மா நெல்லு? கையளவு நெலம் கெடயாதே.”

“அதான் எங்களுக்கும் பேஜாராக் கீது. மூணு நாளா விடிஞ்சதும் கல்லு வச்சுடறான். ஒரு பிடி நெல்லு கொட்டல. பொழுது சாஞ்சா கல்லக் கோணில கட்டி வூட்டுக்கு எடுத்துக்கினு பூடறான்.”

“கல்லயா?”

“கல்லத்தான். தங்கம் பாரு, எவனாவது அட்சிக்கினு பூடுவான்!”

வஹாப்புக்கும் சிரிப்பு வந்தது. “நெல்ல அள்ளிக்கினு போனா கல்லு அங்கியே கெடக்கும். எவனாவது அதத் தூக்கிக்கினு அலைவானா?”

ஆனால் அவருக்குச் சிரிக்க நேரமில்லை. ஈரம் என்று சொல்லி, காலையில்தான் முப்பது மூட்டையை மில்லில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூட்டைக்குள் கையை விட்டால் சுட்டது. இன்று வெயிலில் கொட்டாவிட்டால் நாளைக்கு முளைவிட்டுவிடும். கிழக்கே மேகம் வேறு.

அறுப்புக் காலத்தில் சாலை பொது. கல் வைத்துவிட்டால் சாயங்காலம் வரை அந்த இடம் வைத்தவருடையது. அதை யாரும் மீறுவதில்லை. கல் மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கு ஓர் அடையாளம். சுலோச்சனாவுடையதில் சுண்ணாம்புக் கோடு. வஹாப்புடையதில் பச்சைப் பெயிண்ட், கடைக் கதவுக்கு அடித்தது போக மிஞ்சியது. வருஷா வருஷம் புதுக் கல் பொறுக்கிக்கொள்வார். பெயிண்ட் டப்பா மட்டும் அதேதான்.

ஐசக்கின் கற்களில் அடையாளம் எதுவும் தெரியவில்லை.

சத்தம் கேட்டு, வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஐசக் கரையேறி வந்தார். முழங்கால் வரை சேறு.

“இன்னா ஐசக்கு, நெல்லு எப்போ கொட்டப் போற?”

“நெல்லு இல்ல பாய்.”

“அப்ப எடத்தக் குடு. சாயங்காலத்துக்குள்ள அள்ளிடறேன்.”

“இங்க மட்டும் வேணாம் பாய்.”

“ரெண்டு மரக்கா நெல்லு குடுத்துடறேன். வாடகைன்னு வச்சுக்கோயேன்.”

“வேணாம் பாய்.”

“அப்ப யாருக்குப் புடிச்சு வச்சுக்கினு கீற?”

வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பஸ் வந்து, நெல்லுக்காக இந்தப் பக்கம் ஒதுங்கி, காலி இடத்தின் மேல் ஏறிப் போனது.

வஹாப் குரலைத் தணித்துக்கொண்டார். சுலோச்சனா துழாவியபடியே தன் இடத்தின் மறு கோடிக்குப் போயிருந்தாள்.

“உம் புள்ள ஆல்வின் வுயுந்த எடம்னு எனக்கும் தெரியும்ப்பா. ரெண்டு வருசம் ஆவுது. நானும் வந்து ஒரு பிடி மண்ணு போட்டேன். ராத்திரி கம்பெனி முடிஞ்சு வந்த புள்ள, வண்டி சறுக்கிடுச்சு. அதுக்கு எடம் இன்னா பண்ணும்?”

“சறுக்கல பாய்.”

வஹாப் அதைக் காதில் வாங்கவில்லை. கை வைத்தபோது சுட்ட நெல்தான் மனசில் இருந்தது.

“ஊரு ரோட்டுல, நெல்லே இல்லாதவன் கல்லு வச்சா அதுக்குப் பேரு கல்லே இல்ல. தோ பாரு.” குனிந்து, வளைவோரம் இருந்த கல்லைத் தூக்கினார். ஏரிப் பள்ளத்தில் எறியக் கையை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

கல்லின் அடிப்பக்கம் பச்சையாக இருந்தது. வெளுத்திருந்தாலும் தெரிந்தது. அவர் கடைக் கதவின் பச்சை. வழக்கம்போல விரலால் இழுத்த ஒரே கோடு.

“இது எப்பிடி உங்கிட்ட?”

“அவன் தல பக்கத்துல கெடந்துது பாய். வண்டி ஏறினது இதும் மேலதான்.” ஐசக் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “ஜனம் வர்றதுக்குள்ள நாலயும் பொறுக்கிக்கினு பூட்டேன்.”

அந்த வருஷம் நெல்லை அள்ளிக்கொண்டு போன சாயங்காலம் வஹாப்புக்கு ஞாபகம் வந்தது. மூட்டைகளை எண்ணியது ஞாபகம் இருந்தது. கற்கள் ஞாபகத்தில் இல்லை.

“போலீஸ் கேட்டாங்களே, ஐசக்கு.”

“சறுக்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

ஐசக் கைச் சேற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“எல்லாருந்தானே கல்ல வுட்டுட்டுப் போறாங்க. அன்னிக்கு உங்களுது.”

வஹாப்பின் கையில் கல் கனத்தது. டெம்போ டிரைவர் மூட்டையை அவிழ்க்கட்டுமா என்று கத்திக் கேட்டான். வேண்டாம் என்று இன்னொரு கையை மட்டும் அசைத்தார்.

“இன்னா பாய், எடம் வுட்டானா இல்லியா?” என்று கேட்டுக்கொண்டே சுலோச்சனா இந்தப் பக்கம் வந்தாள்.

அவள் கிட்டே வருவதற்குள், ஐசக் வஹாப்பின் கையிலிருந்த கல்லை வாங்கி, பச்சை தரையில் படும்படி வைத்தார்.