செல்லசாமி ஊதிய கார்புரேட்டர்

எல்லைப் போராட்டம் நடந்த ஐம்பத்துநாலில் பாறசாலையில் எனக்கொரு டாக்சி இருந்தது. மெக்கானிக் செல்லசாமி கார்புரேட்டரைக் கழுவி, அடைப்பை வாயால் ஊதி எடுத்து மாட்டினான். அவனுக்கு ஆஸ்துமா, மூச்சிழுப்பு. அதன்பிறகு வண்டி நிற்கும்போதெல்லாம் எஞ்சின் அவனைப் போலவே விட்டுவிட்டு இழுத்தது. அவன் கார்புரேட்டர் திருகாணியைத் திருகிப் பார்த்தும் அடங்கவில்லை. நாளைக்குப் பார்க்கிறேன் என்று போராட்ட ஊர்வலத்துக்குப் போனவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எந்த லாக்கப் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவன் மனைவி அம்மிணி தினமும் காலையில் வந்து வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்வாள். பானெட்டில் காதை வைத்துக் கேட்பாள்.

"இது அவருக்க இழுப்பாக்கும், அண்ணா. உயிரோட உண்டு."

"மக்கா, உனக்க மாப்பிள பெட்ரோலா குடிக்கியான்?" என்பேன். ஆனாலும் மறுநாளும் ஸ்டார்ட் செய்வேன்.

ஒன்பதாம் நாள் எஞ்சின் இழுக்கவே இல்லை. புதுவண்டிபோல் சீராக ஓடியது. அம்மிணி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போது ரோட்டில் செல்லசாமி நடந்து வந்தான்.

"எனக்க இழுப்பு விட்டுது, அண்ணா. வண்டியும் சரியாயிட்டே, ஆரு பார்த்தா?" என்று சிரித்தான்.

அம்மிணி எழுந்து அவன் மூக்கின் கீழே விரலை வைத்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவே இல்லை. வண்டியை நிறுத்தச் சாவியை நோக்கிப் போன என் கையைப் பார்த்தாள்.

"ஆஃப் ஆக்காண்டாம், அண்ணா" என்றாள்.