துப்புரவான படம்

தொலைநோக்கி இருப்பது வேறு நாட்டு மலையில். உதயகலா இருப்பது கொக்குவிலில். அந்தத் தொலைநோக்கி எடுத்த நாலு வானப் படங்களை, ஒன்றாகச் சேர்த்துத் துப்புரவாக்கித் தரும் இணையத்தளத்தில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தாள். முதற்படத்தில், எந்த வரைபடத்திலும் இல்லாத புள்ளி ஒன்றைக் கண்டிருந்தாள். ஐந்து மணிக்குள் அறிவித்தால் கண்டுபிடித்தவள் என்ற பெயர் அவளுக்கு.

துப்புரவான படம் வந்தது. புள்ளியைக் காணவில்லை.

“வெறும் ஊத்தைதான் போலை. எல்லாத்தையும் அழிக்கப்போறன்.”

கமராவைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் சுதாகரன் நிமிர்ந்தான். “பொறும். நாலையும் தனித்தனியாப் பாத்தனீரே?”

“இல்லை. ஏனப்பா?”

“சனம் நிறைஞ்ச கோயில் வாசலை நான் வெறுமையாக் காட்டுறதும் இப்பிடித்தான். நாலு படத்தைச் சேர்த்தால் நிண்டது நிக்கும், நடந்தது மறைஞ்சுபோம்.”

அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். நாலிலும் புள்ளி இருந்தது. படத்துக்குப் படம் கொஞ்சம் தள்ளி.

“இது நடக்குதப்பா! சிறுகோள்!”

அறிவிப்பை அனுப்பிவிட்டு, மெல்லத் திரும்பினாள். “அப்ப, கோயில் வாசலிலை எடுத்த எங்கடை குடும்பப் படத்திலை அம்மா மட்டும் இல்லாதது?”

சுதாகரன் கமராவை இன்னும் கவனமாகத் துடைத்தான்.

“மாமி ஒரு இடத்திலை நிண்டவவே?”