முட்டுக் கொடுத்த கை

"நீயே சொல்லு மான்ஃப்ரெட். ஒரு கார் மூடிக்காக எவளாவது புருஷனை விட்டுட்டுப் போவாளா?"

லோதர் கேட்டது கீழ் வீட்டு மான்ஃப்ரெட்டிடம். கேட்ட இடம், ஸ்டுட்கார்ட்டில் இருவரும் குடியிருக்கும் கட்டடத்தின் பின்முற்றம். வழக்குக்குக் காரணமான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நடுவில் பளபளவென்று நின்றது.

அந்தக் காருக்கு இன்ஜின் பின்பக்கம். அதன் மூடியைத் திறந்தால் விழாமல் தாங்கிக்கொள்ள இரண்டு ஓரத்திலும் கேஸ் கம்பிகள் உண்டு. அவை செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. இப்போது ஒரு துடைப்பக் கட்டைதான் மூடிக்கு முட்டு.

"முப்பது வருஷம் குடித்தனம் பண்ணிட்டு இதுக்கா போறாங்க? ஊரே சிரிக்கும்" என்றார் மான்ஃப்ரெட்.

"மதியம் அவ அக்கா வந்து கூட்டிட்டுப் போயிடுவா. பெட்டி கட்டியாச்சு. நான் என்ன குடிச்சேனா, அடிச்சேனா?"

"நான் பேசறேன், விடு."

"நீ சொன்னாத்தான் கேட்பா. அதுக்குள்ள இதை மாட்டிடுவோம்." லோதர் இரண்டு புதுக் கம்பிகளை எடுத்துக் காட்டினார். "இனிமே அவ வந்து மூடியைப் பிடிக்கவே வேணாம். அதைச் சொல்லி ஒத்துக்க வை."

மான்ஃப்ரெட்டுக்கு நண்பர்மேல் பரிதாபம் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த வயதில் தனியாக முட்டை வேகவைத்துச் சாப்பிடப் போகிறான், பாவம்.

அந்த நேரம் பார்த்து லோதரின் மனைவி ரெனாட்டா முற்றத்துக்கு வந்தார்.

"துடைப்பம் வேணும். இந்த வாரம் படி பெருக்கறது என் முறை."

வீட்டை விட்டே போகிறவர், பொதுப் படியைப் பெருக்கிவிட்டுத்தான் போவாராம்! இந்த ஊரில் கல்யாணம் முறிந்தாலும் முறியலாம், படி பெருக்கும் முறை தவறக் கூடாது.

மான்ஃப்ரெட் மூடியைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டார். ரெனாட்டா இடது கையால் துடைப்பத்தை உருவினார்.

"பாத்தீங்களா ரெனாட்டா? உங்களுக்காகத்தான் புதுசு மாட்டறார்."

"எனக்காகன்னு சொன்னாரா?"

"பின்னே யாருக்காகவாம்?"

ரெனாட்டா லோதரை ஒரு பார்வை பார்த்தார். துடைப்பத்தோடு உள்ளே போய்விட்டார். என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டார் மான்ஃப்ரெட்.

லோதர் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் பழைய கம்பியின் கிளிப்பை நெம்பினார். துருப்பிடித்த கிளிப் வருவேனா என்றது. ஒரு பக்கம் கழற்றிப் புதுசை அழுத்தி மாட்டுவதற்குள் மான்ஃப்ரெட்டுக்குத் தோள் எரிய ஆரம்பித்துவிட்டது.

"சீக்கிரம்பா. கை கழண்டு விழுந்துடும்போல இருக்கு."

"அதுக்குள்ளயா? நான் இன்ஜின்ல எதை நோண்டினாலும் முடியற வரைக்கும் ரெனாட்டா பிடிச்சிட்டு நிப்பா. மழைன்னாலும் சரி, பனின்னாலும் சரி. வாயே திறக்க மாட்டா."

"அப்புறம் ஏன் திடீர்னு மாட்டேன்னாங்க?"

"போன அக்டோபர்ல மூடி விழுந்துடுச்சு."

"எங்கே?"

"அவ கை மேலதான். சீசன் முடியுது, வண்டியைக் குளிர்காலத்துக்கு மூடி வைக்கணும், எனக்கு அவசரம். கொஞ்சம் அசந்துட்டா. கட்டுப் போட்டாங்க, ஆறிடுச்சு. பிடிக்கிறவ பிடியை விட்டா மூடி விழத்தானே செய்யும்?"

மான்ஃப்ரெட்டின் பிடி ஒரு நொடி தளர்ந்தது. மூடி ஓர் அங்குலம் இறங்கியது.

"ஏய், பாத்துப் பிடி!" என்று பதறினார் லோதர்.

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். சரி, அவங்க கையில அடிபட்டதாலதான் புதுசு வாங்கினியாக்கும். லேட்டானாலும் நல்ல மனசுப்பா உனக்கு."

"அதனாலயா? நீ வேற!"

இரண்டாவது கம்பியும் 'டக்'கென்று உட்கார்ந்தது. லோதர் மூடியின் ஓரத்தைச் சட்டைக் கையால் மெதுவாகத் துடைத்தார்.

"இங்க பாரு. போன சனிக்கிழமை ஆனது. பிடிக்க வரமாட்டேன்னு ரெனாட்டா வீட்டுலயே உக்காந்துட்டா. சரின்னு துடைப்பத்தை முட்டுக் குடுத்தேன். அது வழுக்கிடுச்சு. பெயிண்ட்டைப் பாரு!"

நகத்தளவு ஒரு கீறல். லோதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைக்கு ஓடினவன்தான், கம்பியோடதான் திரும்பி வந்தேன். இப்படி ஆனப்புறம் எவனுக்காவது சும்மா இருக்க மனசு வருமா?"

மான்ஃப்ரெட் கைகளை எடுத்தார். மூடி அசையாமல் தானாக நின்றது.

"பாத்தியா! இவ்வளவுதான் வேலை" என்று சிரித்தார் லோதர். "போ, போய்ப் பேசு. நேரமாகுது."

மான்ஃப்ரெட் படியேறினார். படிகள் சுத்தமாக இருந்தன. துடைப்பம் அதன் ஆணியில் தொங்கியது. ரெனாட்டா வலது கையால் பெட்டியைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பிடி நழுவிக்கொண்டே இருந்தது.

"என்கிட்ட பேசச் சொல்லி அனுப்பினாராக்கும்?" என்றார், நிமிராமலே.

மான்ஃப்ரெட் அந்த விரல்களைப் பார்த்தார்.

கீழே லோதர் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக விளையாடிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே கேட்டார்.

"என்னப்பா, ஒத்துக்கிட்டாளா?"

"இல்லை" என்றார் மான்ஃப்ரெட், ரெனாட்டாவின் பெட்டியை வாசல் பக்கம் தூக்கிக்கொண்டு போனபடி. "நான் ஒத்துக்கிட்டேன்."