ஏணிக்கோரை

முதலில் பகையை ஆரம்பித்தது அண்ணன்தான். தலை நரைத்த பிறகும் தம்பிக்காரர் அதை யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அண்ணன் படுத்த படுக்கை. அண்ணன் மகள் வந்து வாசலில் நின்றாள்.

"சித்தப்பா, அப்பா உங்களையேதான் கேட்டுக்கிட்டு இருக்காரு. இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் கைவிரிச்சுட்டாரு."

"மன்னிப்புக் கேக்கறேன்னு சொன்னாரா?"

"சாகக் கிடக்கிற மனுஷன், சித்தப்பா..."

"ஊரே கூடி நிக்கறப்போ என் மானத்தை வாங்கினாரே, அப்போ நான் தம்பின்னு தெரியலையா? கேட்டுட்டு வா. அப்புறம் பார்க்கலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள் அவள்.

ஏரிக்கரையில் இரண்டு வகைக் கோரை உண்டு. பார்த்தால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்று நல்ல பச்சை. மாடு தின்னலாம். இன்னொன்றில் லேசாக நீலம் ஓடும். அதைத் தின்ற மாடு தள்ளாடி விழுந்துவிடும். நகத்தால் தண்டைக் கீறினால் குட்டு வெளிப்படும். நல்லதில் உள்ளே பஞ்சு நிறைந்திருக்கும். கெட்டதில் ஏணிப்படி மாதிரி விட்டு விட்டு இருக்கும். அதனால் அது ஏணிக்கோரை. ஆனால் அறுக்கிற வேகத்தில் எவன் கீறிப் பார்ப்பான்? நிறத்தைப் பார்த்து அரிவாளைப் போடுவதுதான்.

எல்லாரும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் அண்ணனுடைய சினைமாடு ஏணிக்கோரை தின்று செத்தது. தம்பிக்காரரும், புதுசாகக் கல்யாணமாகி வந்திருந்த அவர் மனைவியும் சேர்ந்து அறுத்த கட்டு அது.

"எந்தப் பாவி அறுத்தது? இந்த வீட்டுல இனிமே ஒரு வாய் சோறு கிடையாது!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் எல்லார் முன்னாலும் கையை நீட்டினார். "இவன்தான். இவனுக்குக் கோரையே தெரியலை."

பிறந்ததிலிருந்து ஏரியில் கிடந்தவனுக்குக் கோரை தெரியவில்லையாம்! அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் 'ஏணி'. "ஏணி வருது, கட்டைப் பிரிச்சுப் பார்த்து வாங்குங்கப்பா" என்று சிரிப்பார்கள்.

அதோடு விட்டாரா அண்ணன்? "உன் பொண்டாட்டியை இனிமே ஏரிப்பக்கம் கூட்டிட்டு வராதே" என்று வேறு சொன்னார். தம்பிக்காரர் அன்றைக்கே தனிக்குடித்தனம் போனார். பிள்ளை குட்டி என்று ஆனதில் மனைவி அதன்பின் அரிவாளையே தொடவில்லை.

இன்றுதான் தொட்டாள். அவருக்கு வலது கை சுளுக்கு. கொட்டகையில் மாடு கத்திக்கொண்டிருந்தது.

"இந்தாங்க, ஒரு கட்டு அறுத்தாந்துட்டேன்" என்று தொப்பென்று போட்டாள். "எனக்கும் அறுக்கத் தெரியும்."

கட்டெல்லாம் நீலம் ஓடியிருந்தது. ஒரு தண்டை உருவி நகத்தால் கீறினார். ஏணி. இன்னொன்று. அதுவும் ஏணி.

"ஏம்மா, நீலமும் பச்சையும் தனித்தனியாத் தெரியலையா உனக்கு?"

"நீலம் எங்க இருக்கு? எல்லாம் ஒரே பச்சைதானே? அந்த மாடு செத்த அன்னிக்கு உங்கண்ணனும் ரெண்டு தண்டை நீட்டி இதையேதான் கேட்டாரு. ரெண்டும் ஒண்ணுதானேன்னேன். உடனே அத்தை கத்திக்கிட்டிருந்த இடத்துக்குப் போயிட்டாரு."

அவர் கீறிய தண்டை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார்.

"என்னங்க, தப்பா அறுத்துட்டேனா?"

"இல்லை. சரியாத்தான் இருக்கு. மாட்டுக்கு நான் போட்டுக்கறேன். நீ போய்ப் புடவையை மாத்து, அண்ணனைப் பார்த்துட்டு வந்துடலாம்."

அவள் உள்ளே போனதும் இடது கையாலேயே கட்டை இழுத்துப்போய்க் குப்பைக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினார். மாட்டுக்கு வைக்கோலை உதறிப் போட்டார்.

அண்ணன் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். தம்பியைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தார்.

"தம்பி... உன்கிட்ட ஒரு மன்னிப்பு... அன்னிக்கு அந்தக் கட்டுல ஏணியை அறுத்தது..."

வாசற்படியில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

தம்பிக்காரர் குனிந்து அண்ணன் வாயைப் பொத்தினார்.

"அந்த மன்னிப்பு பாக்கியாவே இருக்கட்டும்ணா. அறுத்தது நான்தானே? எனக்குத்தான் கோரையே தெரியாதே."