மின்சாரம் வந்த நேரம்

"சத்தம் வெளியில வந்துச்சு, உன்னால மொரெனிக்கேயோட கல்யாணமே நின்னுடும்!" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன அடெபிம்பே, குளியலறைக் கதவை வெளியே தாழிட்டார்.

உள்ளே இருந்தது ஒலோரி. நீள முடி, பாரசீக வம்சம், லாகோஸ் தெரு வெயில் ஒரு நாளும் மேலே படாத வீட்டுப் பூனை. அது வெளிக்குப் போகும் மணல் தட்டில் வாடை வராமலிருக்க வாசனைப் பவுடரைக் கொட்டி, தண்ணீர்க் கிண்ணத்தோடு அதைச் சிறை வைத்தாகிவிட்டது.

"பாவம்மா அது. காலையிலேர்ந்து மணல் பக்கமே போகல" என்றாள் மகள் மொரெனிக்கே.

"பூனைக்கு நேரம் பார்த்துட்டு நின்னா உனக்கு நல்ல நேரம் வராதுடி. போய்த் தலைக்கட்டைச் சரி பண்ணு!"

பயம் நியாயமானதுதான். பெண் கேட்டு வரும் சம்பந்தி யெவாண்டே அம்மாள், தேவாலயத்தின் மகளிர் ஜெபக் குழுத் தலைவி. பூனை என்பது நான்கு காலில் நடக்கும் சூனியக்காரி, அது வளரும் வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று ஞாயிறுதோறும் ஒலிபெருக்கியில் முழங்குகிறவர்.

சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். யெவாண்டே அம்மாளின் பிரம்மாண்டமான துணித் தலைக்கட்டு, வாசல் நிலையில் இடித்து, ஒருக்களித்துத்தான் உள்ளே வந்தது. ஆனாலும் அவருடைய லேஸ் உடையின் ஓரத்தில் நூல் நூலாக இழுபட்டிருந்ததை அடெபிம்பே கண்டுபிடித்துவிட்டார். 'இரவல் லேஸ்!' மனத்துக்குள் ஒரு சின்னத் திருப்தி.

அன்று கரண்ட் இல்லாதது கர்த்தர் செய்த உதவி. பால்கனியில் ஓடிய ஜெனரேட்டர் இரைச்சலில் புலியே உறுமினாலும் கேட்காது. எல்லோரும் ஜொலோஃப் சோற்றை மென்றபடி தொண்டை கிழியக் கத்திப் பேசினார்கள்.

"வீட்டுல வேண்டாத ஜீவன் ஏதும் இல்லையே?"

"பல்லிகூடக் கிடையாது சம்பந்தி!"

அப்போதுதான் கரண்ட் வந்து தொலைத்தது. தெருவே கைதட்டி ஆரவாரித்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தார். கரண்ட் வந்ததற்காக லாகோஸில் கண்கலங்கிய ஒரே பெண் அடெபிம்பேயாகத்தான் இருக்க வேண்டும்.

திடீர் நிசப்தத்தில், வறக் வறக்கென்று கதவைப் பிறாண்டும் ஓசை. தொடர்ந்து நீளமாக ஒரு 'மியாவ்'.

மாப்பிள்ளை அகின்வாலே சட்டென்று குனிந்து தன் செருப்பை ஆராயத் தொடங்கினான்.

"என்ன சத்தம் அது?" என்றார் யெவாண்டே அம்மாள்.

"பைப்பு சம்பந்தி. பைப்புல காத்து."

"உங்க வீட்டுப் பைப்புக்குப் பசிக்குது போலிருக்கு!" யெவாண்டே அம்மாள் எழுந்தார். "யாரும் கிட்ட வராதீங்க. இந்த மாதிரி ஆவியை நான் தனியாத்தான் கட்டணும்."

தாழை நீக்கி உள்ளே போய், உட்பக்கம் தாழிட்டுக்கொண்டார். ஜெபம் இடியாக முழங்கியது. "அந்தகார சக்தியே, அடங்கு!" கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று ஆமென் போட்டார்கள்.

முழக்கம் மெல்லத் தேய்ந்தது. முணுமுணுப்பானது. பிறகு அதுவும் இல்லை. பூனையின் குரலும் இல்லை.

"கொன்னுட்டாங்கம்மா!" மொரெனிக்கே விசும்பினாள்.

"வாயை மூடு. நம்மளயும் சேர்த்துதான் கொல்லப்போறாங்க."

கதவு ஒரு விரற்கடை திறந்தது. "பொண்ணோட அம்மா மட்டும் வாங்க. வரும்போது ஒரு சீப்பு."

இவ்வளவு பெரிய யுத்தத்தில் தலை கலையாமல் இருக்குமா? அடெபிம்பே சீப்போடு நடந்தார். ஒரு கை அவரை உள்ளே இழுத்தது. மறுபடி தாழ் விழுந்தது. முதுகில் சுவர், முன்னால் சம்பந்தி. மகளின் வாழ்க்கை போயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

சீப்பைப் பிடுங்கிக்கொண்ட யெவாண்டே அம்மாள், கூடத்துக்குக் கேட்காதபடி அவர் காதோரம் கிசுகிசுத்தார்:

"மணல்ல வாசனைப் பவுடரைக் கொட்டினா அது எப்படிப் போகும் சம்பந்தி? எங்க வீட்டு மூணும் கால்கூட வைக்காது!"